வாசகர் கேள்விகள்: காட்டுக்கு எந்தக் கத்தி?

ஒண்டாரியோவின் ஏரிக்கரைகளில் கூடாரமிட்டுத் தங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, காட்டில் மடக்குக் கத்தியைவிட மடங்காத கத்தியே நம்பத்தக்கது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் கத்திகளுக்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: நண்பர்கள் நால்வரிடம் நான்கு கத்திகள் இருக்கின்றன: மோரா கம்பேனியன், ஃபால்க்னிவென் எஃப்1, எஸீ 4, கேபார் பெக்கர் பிகே2. வரும் கோடையில் ஒரே முகாமில் நான்கையும் சோதித்து எது சிறந்தது என்று தீர்மானிக்க விரும்புகிறோம். முறையாகச் செய்வது எப்படி? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: நான்கையும் வாங்கிய நிலையிலேயே எடுத்துச் சென்று மரத்தில் வைத்துப் பார்த்தால், நான்கு ஆலைகளில் கடைசியாகத் தீட்டியவர்களின் கைகளைத்தான் நீங்கள் ஒப்பிட்டவர்கள் ஆவீர்கள். புறப்படுவதற்கு முன் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கி, நான்கையும் ஒரே ஆள், ஒரே கல்லில் தீட்டட்டும். 1000 எண் நீர்க்கல்லில் தீட்டி, தோல்வாரில் பத்துப் பதினைந்து முறை இழுத்து, நான்கும் செய்தித்தாளை ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு அறுக்கும்வரை விடாதீர்கள். ஆனால் சமப்படுத்த வேண்டியது கூர்மையை மட்டும்தான். விளிம்பின் கோணத்தில் கை வைக்கக் கூடாது. கோணமும் கனமும் கத்தியைச் செய்தவர் யோசித்துத் தேர்ந்தவை, நீங்கள் சோதிக்கப்போவதும் அவற்றைத்தான்.

அந்தக் கனங்களைக் கவனியுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பேனியனின் அலகு முதுகில் 2.5 மி.மீ., எஃப்1 4.5 மி.மீ., எஸீ 4 சுமார் 4.8 மி.மீ., பிகே2 6.35 மி.மீ. அலகின் வடிவமும் வேறுவேறு. மோராவில் பக்கத்துக்கு ஒரே ஒரு சரிவு நேராக விளிம்புவரை இறங்குகிறது. எஃப்1இன் இரு பக்கங்களும் மெல்லப் புடைத்து வந்து விளிம்பில் சேர்கின்றன. எஸீயும் பிகே2வும் தட்டையாகச் சரிந்து வந்து, கடைசியில் வேறொரு சிறிய சரிவோடு முடிகின்றன. விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு மரத்தை அது விலக்கித்தான் உள்ளே செல்ல வேண்டும். ஒரு கத்தி எவ்வளவு எளிதாக வெட்டுகிறது என்பதில் எஃகின் பெயரைவிட இந்தத் தடிமனுக்கே பங்கு அதிகம் என்பது நான் பல ஆண்டுகள் கையால் வேலை செய்து உணர்ந்தது.

அடுத்தது மரம். ஒரே கட்டையிலிருந்து பிளந்த, கணுவில்லாத, நேரான இழையுள்ள துண்டுகளையே நான்கு கத்திகளுக்கும் கொடுங்கள். மென்மைக்கு வெண்சீடர், கடினத்துக்கு மேப்பிள் என இரண்டு வகை போதும். விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாமல் முகாமுக்கு அருகிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆஷ் மரங்களை இந்த மாகாணத்தில் அழித்துக்கொண்டிருக்கும் மரகதப் பச்சை வண்டு தொலைவிடங்களுக்குப் பரவ இப்படி ஏற்றிச் சென்ற விறகும் ஒரு காரணம். நிற்கும் மரம் எதிலும் கத்தி படக் கூடாது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

முதல் வேலையாக, ஈரமான நாளில் நெருப்பு மூட்டுவதற்கான சீவல் குச்சியைச் செய்யுங்கள். விரல் தடிமனுள்ள குச்சியின் ஓரத்தில் மெல்லிய சீவல்களைச் சீவி, அவை உதிராமல் குச்சியிலேயே சுருண்டு நிற்கும்படி விடுவது இது. பத்து நிமிடத்தில் ஒருவர் எத்தனை முழுச் சுருள்களைப் பெறுகிறார், எத்தனை உதிர்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். இரண்டாவது, குச்சியில் பானை தொங்கவிடும் கொக்கிக்கான பள்ளம் வெட்டுவது. இதில் முனையின் கட்டுப்பாடு தெரியும். மூன்றாவது, 12 மி.மீ. மணிலாக் கயிற்றை அறுப்பது. ஆளை நிறுக்கும் தராசின் மேல் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் கயிற்றைக் கிடத்தி, கத்தியை இழுக்காமல் நேராக அழுத்தி அறுத்தால், கயிறு அறும் கணத்தில் தராசு காட்டும் எடை உங்கள் அளவுகோலாகும். (சமையலறைத் தராசு இந்த அழுத்தத்தைத் தாங்காது.) ஒவ்வொரு முறையும் அலகின் அதே பகுதியால் அறுக்க வேண்டும். பத்து அறுப்புக்கு ஒருமுறை எடையைக் குறித்து, முதல் எடையின் இரு மடங்கு வரும்போது கத்தி மழுங்கிவிட்டதாகக் கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை எஃகையும், சூடாக்கிக் குளிர்வித்து அதற்குக் கொடுத்த பதத்தையும் பற்றி ஓரளவு பேசும்.

நான்காவது, கத்தியின் முதுகில் கட்டையால் தட்டி விறகைப் பிளப்பது. அலகின் நீளத்தைவிட விறகின் குறுக்களவு 3, 4 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் அதன்மேல் தட்ட முடியும். ஐந்தாவது வேலைக்குக் கருவி எதுவும் தேவையில்லை: ஒவ்வொருவரும் ஒவ்வொரு கத்தியாலும் இடைவிடாமல் அரை மணி நேரம் மரம் சீவிவிட்டு, உள்ளங்கையில் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். கடையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கும்போது இதம் தரும் பிடி, இருபதாவது நிமிடத்தில் கட்டைவிரலின் அடியில் கொப்புளம் எழுப்பக்கூடும். எந்த விவரப் பட்டியலிலும் இதைக் காண முடியாது.

வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றுங்கள். எப்போதும் நான்காவதாக வரும் கத்திக்குச் சோர்ந்த கைதான் கிடைக்கும். தம் கத்தியின் முடிவை எவரும் தாமே எழுத வேண்டாம், அருகில் உள்ளவர் எழுதட்டும். எல்லாவற்றையும் மறுநாள் காலையில் இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு நாளும் ஒத்துவராத முடிவை அடித்துவிடுங்கள்.

என் கணிப்பையும் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சீவுவதிலும் பள்ளம் வெட்டுவதிலும், நான்கிலும் விலை குறைந்த மோரா முன்னே நிற்கும். பிளப்பதில் கிட்டத்தட்ட அரைக் கிலோ எடையுள்ள பிகே2 முன்னே நிற்கும், ஆனால் அதைக் கொண்டு அரை மணி நேரம் சீவியவர் மறுமுறை அதைக் கேட்க மாட்டார். எஃப்1உம் எஸீயும் எதிலும் முதலாக வராமல், எதிலும் கடைசியாகவும் வராமல் இருக்கும். ஒரே கத்தியோடு காட்டில் மாட்டிக்கொள்ளக்கூடியவருக்கு அந்த நடுத்தன்மையே வேண்டியது. ஸ்வீடன் நாட்டு விமானப்படை தன் விமானிகளுக்கு 1995இல் எஃப்1ஐத் தேர்ந்தெடுத்ததும் அப்படிப்பட்ட தேவைக்காகத்தான். படகில் ஒரு சிறு கோடரியும் வருகிறது என்றால் என் தேர்வு மோரா. பிளக்கும் வேலை கோடரிக்குப் போய்விடுகிறது.

கேள்வி: கத்தியைச் சிமெண்ட் கட்டியில் அடித்து, இரும்புக் குழாயில் வெட்டி, பட்டறைப் பிடியில் வைத்து வளைத்து உடைத்துக் காட்டும் காணொளிகளைப் பார்த்துத்தான் நான் வாங்குகிறேன். அவற்றை நம்பலாமா? (வாசகர், சென்னை)

பதில்: அவற்றில் காண்பது பொய் அல்ல, ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடை அல்ல. எஃகைக் கடினமாக்கினால் கூர்மை நீடிக்கும், ஆனால் சில்லு போகவும் முறியவும் இடம் கொடுக்கும். பதத்தை இறக்கி மென்மையாக்கினால் வளைந்து கொடுத்து உடையாமல் தாங்கும், ஆனால் விளிம்பு விரைவில் மடங்கும். எத்தனை அடித்தாலும் உடையாத கத்தி வேண்டுமென்றால் தடித்த, மென்மையான ஓர் இரும்புத் துண்டே போதும். அது தக்காளியைக்கூட நசுக்கித்தான் வெட்டும். தவிர, அங்கே உடைவது ஒரே ஒரு கத்தி. அடுத்த கத்தியும் அதே அடியில் உடையுமா என்பதை ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கூர்மையை அறிவியல் முறையில் அளப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உள்ள காட்ரா ஆய்வகம், மணல் போன்ற சிலிக்கா கலந்து செய்த காகித அட்டைக் கட்டைக் கத்தியின்மேல் ஒரே அழுத்தத்தில் வைத்து, கத்தியை முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் எத்தனை மி.மீ. ஆழம் வெட்டியது என்று கணக்கிடுகிறது. ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரநிலை இந்த முறையைத்தான் விவரிக்கிறது. வேலையும் அழுத்தமும் பொருளும் மாறாமல் இருக்க, கத்தி மட்டும் மாறுகிறது.

உடைவதைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பிப்ரவரி மாதம், கடுங்குளிரில் உறைந்து கிடந்த மேப்பிள் விறகைப் பிளந்துகொண்டிருந்தபோது, நல்ல பெயருள்ள ஒரு கத்தி முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முறிந்து பனியில் விழுந்தது. விறகின் நடுவே ஒரு கணு இருந்ததை நான் கவனிக்கவில்லை. கத்தி சிக்கியதும், பிடியைக் கீழே அழுத்தி முனையின்மேல் சாய்வாக அடித்தேன். குளிரில் எஃகின் தாங்கும் திறன் குறையும் என்பதும், உறைந்த கணு கல்லுக்குச் சமம் என்பதும் எனக்குத் தெரிந்தவைதான், அவசரத்தில் மறந்தேன். இப்போது கத்தியால் ஒரு கீற்று மட்டும் பிளந்துகொண்டு, அதில் மரத்தாலேயே செய்த ஆப்பைச் செருகி அடிக்கிறேன். முகாமுக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஆப்பு உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

கேள்வி: பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் இரும்பு ஓடும் கத்தியே உறுதியானது என்கிறார்கள். ஆனால் இங்கே முதியவர்கள் இடுப்பில் வைத்திருக்கும் மரப்பிடிக் கத்திகளில் இரும்பு வெளியே தெரிவதே இல்லை. எது சரி? (வாசகர், ஒஸ்லோ)

பதில்: அலகிலிருந்து நீண்டு பிடிக்குள் செல்லும் பகுதியை நம் ஊர்க் கொல்லர்களைப் பின்பற்றிக் காம்பு என்றே சொல்கிறேன். பிடியின் இரு பக்கமும் இரும்பு தெரியும்படி அகலமாக விட்ட காம்பு, முறிக்கும் விசையைத் தாங்குவதில் முதலிடம் பெறும், அதில் ஐயமில்லை. ஆனால் நார்வேயின் தொல்லெக்னிவ், பின்லாந்தின் பூக்கோ, வட ஸ்காண்டிநேவியப் பழங்குடியினரான சாமி மக்களின் நீண்ட லெயுக்கு ஆகியவை காம்பை மரத்துக்குள் மறைத்து வைத்தே தலைமுறை தலைமுறையாக வடதுருவக் குளிரில் வேலை செய்திருக்கின்றன. இரும்பு கையின் வெப்பத்தை உறிஞ்சும், மரம் உறிஞ்சாது. உறைபனியில் கையுறையைக் கழற்றிவிட்டு எஸீ 4 போன்ற கத்தியைப் பத்து நிமிடம் பிடித்தவருக்கு அந்த முதியவர்களின் அறிவு புரிந்துவிடும்.

மறைந்த காம்பு முறிந்தால், பெரும்பாலும் அலகும் காம்பும் சேரும் இடத்தில்தான் முறியும். அந்த இடத்தில் உள்மூலை கூராக வெட்டப்பட்டிருந்தால் விசை முழுவதும் அங்கே குவிகிறது. வளைவாக விட்டிருந்தால் பரவிப்போகிறது. வாங்கும்போது கேட்க வேண்டியது இதைத்தான், ஆனால் பிடிக்குள் இருப்பதைக் கடைக்காரர் காட்ட முடியாது. நடுவழி ஒன்றும் இருக்கிறது. எஃப்1இலும், மோராவின் கார்பெர்க்கிலும் காம்பு பிடியின் கடைசிவரை வருகிறது. ஆனால் சுற்றிலும் ரப்பர் போன்ற பொருளோ நைலானோ மூடியிருப்பதால் கை இரும்பைத் தொடுவதில்லை. உங்கள் குளிருக்கு நான் பரிந்துரைப்பது இவ்வகையை.

கேள்வி: படகுப் பயணத்துக்குக் கரிம எஃகா, துருப்பிடிக்காத எஃகா? தீப்பொறிக் கம்பியில் உரசக் கரிம எஃகுதான் வேண்டும் என்பது உண்மையா? (வாசகர், மார்க்கம்)

பதில்: எஃகை எஃகோடு நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால், வடிவம் சிறிதும் மாறாமல் எஃகு மட்டும் மாறும் இரண்டு கத்திகள் தேவை. கிட்டத்தட்ட அப்படி ஒரு வாய்ப்பு மலிவாகவே கிடைக்கிறது: மோரா கம்பேனியன் கரிம எஃகிலும் விற்கிறது, 12சி27 என்ற துருப்பிடிக்காத எஃகிலும் விற்கிறது. இரண்டையும் வாங்கி, கத்திக்கொரு ஆப்பிளை அறுத்து, துடைக்காமல் இரவு முழுவதும் படகின் அடியில் விட்டுவிடுங்கள். காலையில் ஒன்று சாம்பலும் நீலமுமாகக் கறுத்திருக்கும், மற்றது மாறாமல் இருக்கும். கரிம எஃகு கல்லில் விரைவாகக் கூர்பெறும் என்பது அதன் சிறப்பு. ஆனால் 12சி27 போன்ற மெல்லிய மணியுள்ள துருப்பிடிக்காத எஃகும் தீட்டச் சிரமம் கொடுப்பதில்லை. வாரக்கணக்கில் நீரோடு பழகும் கத்திக்கு நான் இரண்டாவதையே தேர்வேன். எஸீ 4இன் 1095 என்ற கரிம எஃகுக்கு மேற்பூச்சு இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். பூச்சு அலகைக் காக்கிறது, வெட்டும் விளிம்பில் பூச்சு இல்லை. துரு முதலில் தின்பதும் அந்த விளிம்பைத்தான்.

தீப்பொறியைப் பொறுத்தவரை இரண்டு முறைகளை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். சிக்கிமுக்கிக் கல்லில் அடிக்கும்போது பொறியாகச் சிதறுவது எஃகு. அதற்குக் கரிமம் மிகுந்த கடினமான எஃகு வேண்டும். இன்று நாம் வைத்திருக்கும் ஃபெர்ரோ கம்பி எனும் தீப்பொறிக் கம்பியில் பொறியாவது கம்பியே, கத்தி அதைச் சுரண்ட மட்டும் செய்கிறது. வேண்டியதெல்லாம் முதுகில் 90 பாகை கொண்ட ஒரு கூரான மூலை. கார்பெர்க்கில் அது இருக்கிறது. சாதாரண கம்பேனியனின் முதுகு சற்று மழுக்கலாக வரும், அதை ஓர் அரத்தால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். கத்தியின் வெட்டும் விளிம்பால் ஒருபோதும் கம்பியைச் சுரண்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் காட்டில் எல்லோரும் பாராங் எனும் நீண்ட வெட்டுக்கத்தி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிறு கத்திகள் இங்கே எதற்கு? (வாசகர், ஈப்போ)

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. மேலே நான் எழுதிய சோதனைகள் எல்லாம் ஊசியிலைக் காட்டையும் காய்ந்த விறகையும் மனத்தில் கொண்டவை. கொடியும் பிரம்பும் மூங்கிலும் வழியை அடைக்கும் மலேசியக் காட்டில், முன்பாரம் உள்ள நீண்ட மெல்லிய அலகை வீசி வெட்டுவதே வேலை, 10 செ.மீ. கத்தியால் அங்கே வழி எடுக்க முடியாது. நீங்கள் பாராங்குகளை ஒப்பிட நினைத்தால், பச்சை மூங்கிலை ஒரே வீச்சில் எத்தனை தடிமன்வரை வெட்டுகிறது, ஒரு மணி நேரம் வீசிய பிறகு மணிக்கட்டு என்ன சொல்கிறது, வியர்த்த கையில் பிடி வழுக்குகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். வீசிச் சோதிக்கும்போது பக்கத்தில் எவரும் நிற்க வேண்டாம். மீன் சுத்தம் செய்யவும் விலங்குப் பொறிகளுக்கான குச்சி செதுக்கவும் ஒரு சிறு கத்தி கூட இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

கேள்வி: உறையில் என்ன சோதிக்க வேண்டும்? (வாசகர், மிசிசாகா)

பதில்: கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள், விழக் கூடாது. நனைந்த கையுறையோடு, ஒரே கையால், பார்க்காமல் எடுத்துத் திரும்பச் செருகுங்கள். தயக்கம் வரக் கூடாது. அடியில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். தோலுறை அழகானது, ஆனால் நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: டாப்ஸ்லிப் பக்கம் போகும்போது என் புதிய கத்தியைக் காட்டில் வைத்துச் சோதிக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கூடாது. அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று வரையறுப்பவற்றில் கத்தியும் ஒன்று. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. 30ஆம் பிரிவு சரணாலயத்துக்கு ஆபத்து விளையும் வகையில் அங்கே தீ மூட்டுவதைத் தடுக்கிறது. அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் சோதனைகள் எவையும் அங்கே நடக்க முடியாது, நடக்கவும் வேண்டாம்.

உங்களுக்கோ நண்பருக்கோ தோட்டம் இருந்தால் அங்கே செய்யுங்கள். சீவுவதற்கும் பிளப்பதற்கும் காய்ந்த சவுக்கு இருக்கிறது, மூங்கில் இருக்கிறது. மணிலாக் கயிற்றுக்குப் பதிலாகத் தேங்காய் நார்க் கயிற்றை வையுங்கள். அதில் ஒட்டியிருக்கும் மண் விளிம்பை வேகமாக மழுக்குவதால் சோதனை விரைவில் முடியும், ஆனால் எல்லாக் கத்திக்கும் ஒரே சுருளிலிருந்து அறுத்த கயிறாக இருக்கட்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் கொல்லர் உங்கள் பக்கத்தில் இருப்பார். அதே பட்டையில் 10 செ.மீ. அலகும் 3 மி.மீ. கனமும் உள்ள ஒரு சிறு கத்தியை அவரிடம் அடித்து வாங்கி, விலை உயர்ந்த உங்கள் கத்தியோடு சேர்த்து அதே கல்லில் தீட்டி, அதே கயிற்றில் வையுங்கள். இரண்டின் தராசு எண்களையும் எனக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.